காலமறியும் பறவைகள்

உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. ஆயினும், அம்மாற்றத்தை மனிதன் தன் வாழ்நாளுக்குள்ளேயே கண்ணாரக் காண முடியுமா என்னும் வினாவுக்கு விடை கிடைக்க நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பரிணாமக் கொள்கையை வகுத்துத் தந்த சார்லஸ் டார்வினே அஃது இயலாது என்றுதான் எண்ணினார். இயற்கைத் தேர்வு மிக மெல்ல நடைபெறுவது. அதன் விளைவு புலப்பட எண்ணற்ற தலைமுறைகள் கடந்தாக வேண்டும் என்பது அவர் கருத்து.

அக்கருத்தைத் திருத்தியவை உள்ளங்கையில் அடங்கும் சின்னஞ்சிறு குருவிகள். பசிபிக் பெருங்கடலின் பாறைத் தீவொன்றில் வாழும் குருவிகளும், இங்கிலாந்தின் காடொன்றில் கூடு கட்டும் குருவிகளும், ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பறந்து வரும் குருவிகளும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. மழை பொய்த்தபோதும், மழை மிகுந்தபோதும், வசந்தம் முந்தி வந்தபோதும் அவை என்ன செய்தன என்பதை அறிஞர் சிலர் ஆண்டு தவறாமல் குறித்து வைத்தனர். 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருந்ததைவிடச் சுமார் 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. பறவைகள் மாறுமா என்று கேட்ட காலம் போய், வேண்டிய விரைவில் மாறுமா என்று கேட்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. அதற்கு விடை தேடுவோர் அந்தப் பழைய குறிப்பேடுகளையே முதலில் புரட்டுகின்றனர்.

கலாபகோஸ் தந்த புதிர்

1835-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் 'பீகிள்' என்னும் கப்பல் கலாபகோஸ் தீவுகளை அடைந்தது. தென் அமெரிக்கக் கரைக்கு மேற்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், எரிமலைகள் உமிழ்ந்த பாறைகளால் ஆன தீவுக் கூட்டம் அது. கப்பலில் வந்த டார்வினுக்கு அப்போது வயது 26. ஐந்து வாரங்கள் அத்தீவுகளிடையே சுற்றிய அவர் பறவைகள் பலவற்றைச் சேகரித்தார். ஆனால், அங்கிருந்த சிறு குருவிகளின் சிறப்பை அவர் அப்போது உணரவில்லை. அலகின் தோற்றத்தைக் கொண்டு அவற்றை வெவ்வேறு குடும்பத்துப் பறவைகள் என்றே கருதினார். எந்தக் குருவி எந்தத் தீவில் பிடிக்கப்பட்டது என்பதையும் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை.

புதிரை அவிழ்த்தவர் இலண்டனில் இருந்த பறவையியல் அறிஞர் ஜான் கூல்டு. 1837 ஜனவரியில் அவர், அக்குருவிகள் அனைத்தும் ஒரே குடும்பத்தவை, உலகில் வேறெங்கும் காணப்படாதவை என்று அறிவித்தார். கிளியின் அலகுபோல் தடித்த அலகுடைய குருவியும், ஊசிபோல் மெலிந்த அலகுடைய குருவியும் உடன்பிறந்தாரைப் போன்றவை என்றால், அந்த வேறுபாடு எவ்வாறு தோன்றியது? டார்வினின் சிந்தனையைத் தூண்டிய வினாக்களுள் இதுவும் ஒன்று.

அதே காலப்பகுதியில் மலாய்த் தீவுகளிலும் இக்கேள்வி எழுந்தது. 1854-இல் சிங்கப்பூர் வந்திறங்கிய ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், மறு ஆண்டு சரவாக்கில் தங்கியிருந்தபோது ஒரு கட்டுரை வரைந்தார். புதிய இனம் ஒவ்வொன்றும் தனக்கு நெருங்கிய உறவுடைய முந்தைய இனம் வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்பது அதன் சாரம். 1858 ஜூலை முதல் நாள் டார்வின், வாலஸ் இருவரின் கருத்துகளும் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒருங்கே படிக்கப்பட்டன. மறு ஆண்டு டார்வினின் பெருநூல் வெளிவந்தது.

இருவரும் இயற்கைத் தேர்வைத் தருக்கத்தால் நிறுவினர். உயிரோடு திரியும் பறவைகளை ஆண்டுதோறும் அளந்து, யார் இறந்தார், யார் பிழைத்தார், பிழைத்தவரின் பிள்ளைகள் எவ்வாறு இருந்தனர் என்று எண்ணிப் பார்க்கும் பணி எஞ்சி நின்றது. அப்பணிக்கு வித்திட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

ஓர் ஆசிரியரின் பயணம்

டேவிட் லாக் 1910-இல் பிறந்தவர். இங்கிலாந்தில் டார்ட்டிங்டன் ஹால் என்னும் பள்ளியில் உயிரியல் கற்பித்து வந்தார். 1938-ஆம் ஆண்டின் இறுதியில் பள்ளியில் விடுப்புப் பெற்றுக் கலாபகோஸ் சென்று, சில திங்கள் தங்கி, டார்வின் கண்ட அதே குருவிகளின் வாழ்க்கையை உற்று நோக்கினார். பின்னர் அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளின் அலகுகளை ஆயிரக்கணக்கில் அளந்தார்.

முதலில் அவர் கொண்ட முடிவு வேறு. தன்னினத்தைத் தானே அடையாளம் கண்டுகொள்ளவே அலகுகள் வேறுபட்டிருக்கின்றன என்று அவர் கருதி எழுதினார். இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. லாக் ராடார்ப் பணிக்குச் சென்றார். ராடார்த் திரையில் தோன்றிய விளங்காத சில தடங்கள் பறக்கும் பறவைகளால் ஆனவை என்று கண்டறிந்தவர்களுள் அவரும் ஒருவர். அந்த ஆண்டுகளில் தம் கலாபகோஸ் குறிப்புகளை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்த லாக் தம் முடிவை மாற்றிக்கொண்டார். அலகு என்பது உணவு தேடும் கருவி. ஒரே தீவில் வாழும் இரு இனங்கள் வெவ்வேறு உணவை நாடுவதால்தான் அவற்றின் அலகுகளும் வேறுபடுகின்றன என்று தெளிந்தார். 1947-இல் வெளிவந்த அவருடைய 'டார்வினின் குருவிகள்' என்னும் நூல் இக்கருத்தை நிலைநாட்டியது. அக்குருவிகளுக்கு அந்தப் பெயர் உலகெங்கும் பரவியதும் அந்நூலால்தான்.

போர் முடிந்த 1945-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் கிரே ஆய்வு நிலையத்துக்கு லாக் இயக்குநரானார். நூல் வெளிவந்த அதே 1947-ஆம் ஆண்டில், பல்கலைக்கழகத்துக்கு உரிய வைட்டம் காட்டில் மரங்களில் கூட்டுப்பெட்டிகளைத் தொங்கவிட்டு, பட்டாணிக்குருவிகளின் இனப்பெருக்கத்தைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். இவ்வாறு, பறவைகளின் மாற்றத்தை அளக்கும் இரு பெரும் ஆய்வுகளுக்கும் அவரே தோற்றுவாய் ஆனார். தீவில் அவர் எழுப்பிய கேள்வியை வேறு இருவர் ஏற்றுத் தொடர்ந்தனர். காட்டில் அவர் தொடங்கிய கணக்கை அவருடைய மாணவர்கள் தொடர்ந்தனர்.

தீவு: வறட்சியும் அலகும்

லாக் மறைந்த 1973-ஆம் ஆண்டிலேயே பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் தம்பதியர் கலாபகோஸ் தீவுகளுள் ஒன்றான டாஃப்னே மேஜரில் தம் ஆய்வைத் தொடங்கினர். அரைச் சதுரக் கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புடைய எரிமலைக் குன்று அது. மனிதர் குடியில்லை, நன்னீர் இல்லை. குடிநீரைக்கூடப் படகில் சுமந்து சென்று, கூடாரம் அடித்து, அத்தீவில் வாழும் குருவிகளை வலையில் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகின் நீளத்தையும் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து விடுவித்தனர். தீவு சிறியதாக இருந்ததால் ஏறத்தாழ ஒவ்வொரு குருவியையும் தனித்தனியே அறிய முடிந்தது.

1977-இல் மழை பொய்த்தது. வழக்கமாக 130 மில்லிமீட்டர் அளவு பெய்யும் மழைக்காலத்தில் அவ்வாண்டு பெய்தது 24 மில்லிமீட்டரே. புல்பூண்டுகள் கருகின, சிறு விதைகள் விரைவில் தீர்ந்தன. எஞ்சியவை கடினமான ஓடும் முள்ளும் கொண்ட காய்கள். தமிழர் நன்கறிந்த நெருஞ்சியின் இனத்தைச் சேர்ந்த செடியொன்றின் காய்கள் அவற்றுள் முதன்மையானவை. தடித்த அலகுடைய குருவியால் அக்காயை உடைக்க முடியும். மெல்லிய அலகுடைய குருவியால் முடியாது. நடுத்தர நிலக்குருவி எனப்படும் இனத்தில் நூற்றுக்கு 85 பங்கு அழிந்தது.

அவ்வறட்சியின்போது தீவில் அளவெடுத்த பீட்டர் போக் என்னும் ஆய்வு மாணவரும் கிராண்டும் 1981-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பிழைத்த குருவிகளின் அலகு, வறட்சிக்கு முன்பு இருந்த குருவிகளின் அலகைவிடச் சராசரியாக அரை மில்லிமீட்டர் அளவு ஆழம் மிகுந்து இருந்தது. அரை மில்லிமீட்டர் என்பது நகத்தின் தடிப்பு. ஆயினும் வாழ்வையும் சாவையும் பிரித்த கோடு அதுவே. அலகின் அளவு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அப்படியே இறங்குவதால், 1978-இல் பிறந்த குஞ்சுகளின் அலகும் முந்தைய தலைமுறையினதைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு பெரிதாக இருந்தது. எண்ணற்ற தலைமுறைகள் வேண்டும் என்று டார்வின் கருதிய செயல், ஒரே ஒரு தலைமுறையில் அளவுகோலுக்குள் அகப்பட்டது.

கதை அதோடு முடியவில்லை. 1982-ஆம் ஆண்டின் இறுதியில் எல் நினோ எனப்படும் கடல் வெப்ப நிகழ்ச்சி மிகக் கடுமையாகத் தோன்றியது. 1977-இல் 24 மில்லிமீட்டர் மழை கண்ட தீவில் இம்முறை 1,300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. கொடிகள் படர்ந்து தீவையே போர்த்தின. சிறு விதைகள் மண்ணில் குவிந்தன. அதன்பின் 1984, 1985 ஆண்டுகளில் மீண்டும் வறட்சி வந்தபோது, தீவில் மிகுந்திருந்தவை சிறு விதைகளே. அவற்றை விரைவாகப் பொறுக்கவல்ல சிறிய அலகுடைய குருவிகளே இம்முறை பிழைத்தன. முன்பு காத்த அலகு பின்பு சுமையாயிற்று.

எல் நினோ ஆண்டில் பெரிய நிலக்குருவி என்னும் மற்றோர் இனமும் அத்தீவில் குடியேறிப் பெருகியது. 2003-இலும் 2004-இலும் வறட்சி தாக்கியபோது, நெருஞ்சிக் காய்களை அந்தப் பெரிய இனம் விரைவாகத் தின்று தீர்த்தது. நடுத்தர நிலக்குருவிகளுள் பெரிய அலகுடையவை போட்டியில் தோற்று மடிந்தன. சிறிய அலகுடையவை தப்பின. அதே வறட்சி, அதே இனம். ஆனால் 1977-இல் நிகழ்ந்ததற்கு நேர்மாறான விளைவு. ஒரே உணவுக்குப் போட்டியிடும் இனங்கள் தம்முள் விலகி வேறுபடும் என்று லாக் 1947-இல் எழுதியதை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் கிராண்ட் தம்பதியர் நேரில் கண்டனர். 2016-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அலகின் அளவோடு தொடர்புடைய ஒரு மரபணுப் பகுதியைச் சுட்டிக் காட்டி, அந்த வறட்சியில் தேர்வுக்கு உள்ளானது அப்பகுதியே என்பதையும் தெளிவாக்கியது.

நாற்பது ஆண்டுகள் நீண்ட டாஃப்னே ஆய்விலிருந்து ஒரு முடிவு ஐயமின்றிப் பெறப்படுகிறது. தட்பவெப்பம் பறவையை நேராகத் தாக்குவது குறைவு. மழை விதையை மாற்றுகிறது. விதை பறவையை மாற்றுகிறது. மேலும், இத்தகைய மாற்றத்துக்குக் கொடுக்கப்படும் விலை மரணம். ஒரு குருவி தன் அலகை மாற்றிக்கொள்வதில்லை. பொருந்தாத அலகுடையவை மடிய, பொருந்திய அலகுடையவை பெருகுகின்றன.

காடு: புழுவும் கூடும்

வைட்டம் காட்டின் நிலைமை வேறு. அங்கே வறட்சி இல்லை. ஓக் மரங்களும் பிற மரங்களும் அடர்ந்த குளிர்நாட்டுக் காடு அது. லாக் தொடங்கியபோது சில நூறாக இருந்த கூட்டுப்பெட்டிகள் பின்னர் ஆயிரத்தைத் தாண்டின. ஒவ்வொரு வசந்தத்திலும் ஆய்வாளர்கள் பெட்டி பெட்டியாகத் திறந்து, முதல் முட்டை இடப்பட்ட நாள், முட்டைகளின் எண்ணிக்கை, பொரித்த குஞ்சுகள், அவற்றின் எடை ஆகியவற்றைக் குறித்தனர். குஞ்சுகளுக்கு வளையமிட்டு, அடுத்த ஆண்டு எவை உயிரோடு திரும்புகின்றன என்றும் கண்டனர்.

பட்டாணிக்குருவி சுமார் 18 கிராம் எடையுள்ள பறவை. அதன் குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் நாள் முழுதும் ஓயாமல் இரை கொண்டுவர வேண்டும். அந்த இரையுள் முதன்மையானது குளிர்கால அந்துப்பூச்சியின் பச்சைப் புழு. ஓக் மரம் துளிர்க்கும்போது பூச்சியின் முட்டைகள் பொரிக்கின்றன. புழுக்கள் இளந்தளிரைத் தின்று வளர்ந்து, சில வாரங்களில் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடுகின்றன. ஆகவே காட்டில் இரை பெருகியிருக்கும் காலம் மிகக் குறுகியது. குஞ்சுகளின் பசி உச்சத்தில் இருக்கும் நாளும் புழுக்கள் மிகுந்திருக்கும் நாளும் ஒன்றுபட்டால் குடும்பம் பிழைக்கும். தவறினால் குஞ்சுகள் மெலியும்.

இங்கேதான் பறவைக்கு ஒரு பெருஞ்சிக்கல் எழுகிறது. பெட்டை நாளுக்கு ஒன்றாக எட்டு அல்லது ஒன்பது முட்டைகள் இட வேண்டும். இரண்டு வாரம் அடைகாக்க வேண்டும். அதன் பின்னரும் குஞ்சுகள் ஒரு வாரத்துக்கு மேல் வளர்ந்த நிலையில்தான் அவற்றின் பசி உச்சத்தை எட்டும். ஆக, புழுக்கள் மிகும் நாளுக்கு ஒரு திங்களுக்கு முன்பே, புழுக்கள் கண்ணில் படுவதற்கு முன்பே, அது முட்டையிடத் தொடங்கியாக வேண்டும். வரவிருக்கும் காலத்தை அது நேரில் அறிய வழியில்லை. பகலின் நீளம், முன்வசந்தத்தின் இளவெப்பம் ஆகிய அறிகுறிகளைக் கொண்டே கணிக்கிறது.

குஞ்சுகளுக்கு உணவு மிகுந்திருக்கும் பருவத்துக்கு ஏற்பவே பறவைகளின் இனப்பெருக்கக் காலத்தை இயற்கைத் தேர்வு அமைத்திருக்கிறது என்று லாக் வாதிட்டார். அவருடைய மாணவர் கிறிஸ்டோபர் பெரின்ஸ், காலம் முந்திப் பிறந்த குஞ்சுகளே எடை மிகுந்து, பெரும்பாலும் பிழைக்கின்றன என்று 1960-களில் காட்டினார். அவ்வாறாயின் எல்லாக் குருவிகளும் முந்தி முட்டையிடாதது ஏன்? முட்டைகளை உருவாக்கத் தாய்க்கே உணவு வேண்டும்; முன்வசந்தத்தில் அவ்வுணவு அரிது என்பது பெரின்ஸ் அளித்த விளக்கம்.

இக்கணக்கெடுப்பு தொடங்கியபோது உலக வெப்பமயமாதல் பற்றிய கவலை எவருக்கும் இல்லை. பறவைகளின் எண்ணிக்கையை இயற்கை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதே லாக்கின் ஆராய்ச்சிப் பொருள். ஆனால், தொடர்ந்து எழுதப்பட்ட அக்குறிப்பேடுகள் பின்வந்தோருக்கு வேறொரு செய்தியைக் கூறின. 2008-இல் அன் ஷார்மாண்டியே முதலிய அறிஞர்கள் வைட்டம் காட்டின் 47 ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து, அக்காலத்தில் பட்டாணிக்குருவிகள் முட்டையிடும் நாள் ஏறத்தாழ இரண்டு வாரம் முந்திவிட்டது என்று அறிவித்தனர். வசந்தம் வெதும்பியதால் புழுக்களும் முந்தின. குருவிகளும் அவற்றுக்கு ஈடுகொடுத்தன.

டாஃப்னே தீவின் மாற்றத்துக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. வைட்டம் காட்டில் ஒரே பெட்டைக் குருவி, வெப்பமான ஆண்டில் முந்தியும் குளிர்ந்த ஆண்டில் பிந்தியும் முட்டையிடுகிறது. மரபணு மாறத் தேவையில்லை. எவரும் மடிய வேண்டியதில்லை. சூழலுக்கு ஏற்ப நடத்தையைத் திருத்திக்கொள்ளும் இவ்வாற்றலை நெகிழ்வுத் தன்மை என்பர். காட்டுக் குருவிகளைக் காத்தது இந்த நெகிழ்வே.

அறிகுறி பொய்த்த இடம்

நெகிழ்வு எங்கும் காக்குமா? நெதர்லாந்திலிருந்து வந்த விடை அவ்வளவு நம்பிக்கை தருவதாக இல்லை. கூட்டுப்பெட்டி ஆய்வில் இங்கிலாந்துக்கு மூத்த நாடு அது. அங்குள்ள ஹோகே வேலுவே தேசியப் பூங்காவில் 1955 முதல் பட்டாணிக்குருவிகள் கணக்கெடுக்கப்பட்டு வந்தன. 1998-இல் மார்சல் விசர் முதலியோர், 1973 முதல் 1995 வரையிலான குறிப்புகளை ஆராய்ந்தனர். புழுக்கள் மிகும் நாள் முந்தியிருந்தது. ஆனால் குருவிகள் முட்டையிடும் நாள் முந்தவில்லை.

இனம் ஒன்றே, உணவும் ஒன்றே. பின் ஏன் இந்த வேறுபாடு? புழுக்கள் வளரும் பின்வசந்தம் வெதும்பிய அளவுக்கு, குருவிகள் முட்டையிடும் முன்வசந்தம் அங்கே வெதும்பவில்லை. குருவி படித்தது ஒரு பருவத்தின் அறிகுறியை. அதன் குஞ்சுகள் உண்டது மற்றொரு பருவத்தின் விளைவை. நெடுங்காலம் இணைந்தே சென்ற இரண்டும் இப்போது பிரிந்துவிட்டன. அறிவு குன்றியதால் குருவி தவறவில்லை. அது நம்பிய அறிகுறி பொய்த்துவிட்டது.

ஆயினும் அங்கும் இயற்கைத் தேர்வு வாளா இருக்கவில்லை. வெப்பத்துக்கு ஏற்ப நாளை மாற்றிக்கொள்ளும் ஆற்றலில் ஹோகே வேலுவேப் பெட்டைகள் தம்முள் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி மரபுவழி வருவது. நெகிழ்வு மிகுந்த பெட்டைகளுக்குச் சாதகமான தேர்வு வலுத்து வருகிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு கண்டது. 2013-இல் மற்றோர் ஆய்வு, காலம் தவறிய இப்பறவைகளின் தொகை ஏன் உடனே சரியவில்லை என்பதையும் விளக்கியது. குஞ்சுகள் குறைவாகப் பிழைக்கும் ஆண்டில், பிழைத்தவற்றுக்கு இடையே குளிர்காலப் போட்டியும் குறைகிறது. ஆகவே அவற்றுள் மிகுதியானவை அடுத்த வசந்தத்தைக் காண்கின்றன. இழப்பு ஒருபுறம் நிகழ, ஈடு ஒருபுறம் நிகழ்கிறது. தொகையை மட்டும் எண்ணுவோருக்கு இடர் எதுவும் தென்படாது.

பாலைவனம் கடந்து வரும் குருவி

பட்டாணிக்குருவி ஆண்டு முழுதும் அதே காட்டில் வாழ்கிறது. கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் என்னும் சிறு பறவையின் நிலை இன்னும் கடினமானது. அது குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழித்து, வசந்தத்தில் சகாராப் பாலைவனத்தைக் கடந்து ஐரோப்பா திரும்பிக் கூடு கட்டும். ஆப்பிரிக்காவில் இருக்கும் பறவைக்கு ஐரோப்பியக் காட்டில் மரம் துளிர்த்துவிட்டது என்பது எவ்வாறு தெரியும்? பகலின் நீளமும் உடலுக்குள் மரபாக அமைந்த காலக்கணக்கும் உணர்த்தும்போதே அது புறப்படுகிறது. பகலின் நீளமோ உலகம் வெப்பமானாலும் மாறாது.

2001-இல் கிறிஸ்டியான் போத்தும் விசரும் ஹோகே வேலுவே ஈப்பிடிப்பான்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1980-க்கும் 2000-க்கும் இடையே அப்பறவைகள் முட்டையிடும் நாள் சுமார் பத்து நாள் முந்தியது. வந்து சேரும் நாளோ முந்தவில்லை. அதாவது, நெடும்பயணம் முடித்து வந்த பறவைகள் இளைப்பாறும் காலத்தைச் சுருக்கிக்கொண்டு கூடு கட்ட விரைந்தன. அப்படியும் புழுக்களின் வேகத்துக்கு அவை ஈடுகொடுக்க இயலவில்லை. வந்து சேர்வதற்கு முன் முட்டையிட முடியாது. ஆகவே அந்தச் சுருக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

எல்லை மீறியபோது நிகழ்ந்ததை 2006-இல் வெளிவந்த ஆய்வு கூறியது. நெதர்லாந்தில் புழுக்கள் முந்தி மிகும் காடுகளில், இரு பத்தாண்டுகளுக்குள் ஈப்பிடிப்பான்களின் தொகை சுமார் 90 விழுக்காடு குறைந்திருந்தது. புழுக்கள் பிந்தி மிகும் காடுகளில் குறைவு மிகச் சிறியதாகவே இருந்தது. ஒரே நாட்டில், ஒரே இனத்தில், சில நாள் வேறுபாடு ஒரு காட்டுப் பறவைகளை ஏறத்தாழ இல்லாமல் செய்தது. மற்றொரு காட்டுப் பறவைகளை விட்டுவைத்தது.

ஆனால் அந்த மரபுவழிக் காலக்கணக்கே மாறக்கூடியதுதானா? எபர்ஹார்டு குவின்னர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1981-இல் ஈப்பிடிப்பான் குஞ்சுகளை எடுத்து வளர்த்து, கட்டுப்படுத்தப்பட்ட பகலொளியில் அவற்றின் உடல் எப்போது வசந்தத்துக்கு ஆயத்தமாகிறது என்று குறித்திருந்தார். 21 ஆண்டுகளுக்குப் பின், 2002-இல் அதே சோதனை அதே முறையில் மீண்டும் நடத்தப்பட்டது. குவின்னர் 2004-இல் மறைந்தார். அவருடைய குறிப்புகளைப் பார்பரா ஹெல்ம் முதலியோர் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டனர். புதிய தலைமுறைப் பறவைகளின் வசந்தக் கணக்கு ஏறத்தாழ ஒன்பது நாள் முந்தியிருந்தது. இரு தலைமுறைகளும் ஒரே ஒளியில் வளர்ந்தவையாதலால், இம்மாற்றம் அவை கூடவே கொண்டு வந்த மரபின் மாற்றம் என்றே கொள்ள இடமுண்டு. டாஃப்னே தீவில் அலகு மாறியதுபோல், இங்கே உள்ளிருக்கும் நாட்காட்டி மாறியிருக்கிறது.

இரு வழிகளும் ஓர் எல்லையும்

இதுகாறும் கூறியவற்றால், மாறும் தட்பவெப்பத்தை எதிர்கொள்ளப் பறவைகளுக்கு இரு வழிகள் உண்டு என்பது தெளிவாகும். ஒன்று, வாழ்நாளுக்குள் நடத்தையைத் திருத்திக்கொள்ளும் நெகிழ்வு. அது விரைவானது, ஆனால் அறிகுறிகள் பொய்க்காதவரைதான் பயன்படும். மற்றொன்று, தலைமுறைதோறும் மரபு மாறும் பரிணாமம். டார்வின் எண்ணியதைவிட அது விரைவாக நிகழக்கூடியது. ஆனால் ஒவ்வொரு முறையும் உயிர்களை விலையாகக் கேட்கிறது. விலை கொடுத்தபின் இனத்தைத் தொடர எஞ்சியோர் போதுமான அளவு இருந்தால்தான் அவ்வழி பயன்படும்.

இரு வழிகளும் சேர்ந்து போதுமா? 2019-இல் விக்டோரியா ராட்சுக் முதலிய பன்னாட்டு அறிஞர்கள் பல விலங்கினங்களைப் பற்றிய நெடுங்கால ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். அவர்கள் பயன்படுத்திய தரவுகளுள் பெரும்பாலானவை பறவைகளைப் பற்றியவை. பட்டாணிக்குருவியும் ஈப்பிடிப்பானும் அவற்றுள் அடங்கும். பருவ நிகழ்ச்சிகளை முந்தச் செய்யும் மாற்றம் சரியான திசையிலேயே செல்கிறது. ஆனால் அதன் வேகம் சூழலின் வேகத்துக்கு ஈடாக இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆராயப்பட்டவற்றுள் பல மிகுந்து வாழும் பொதுவான இனங்கள். அவற்றுக்கே இந்நிலை என்றால், தொகை குன்றிய அரிய இனங்களின் நிலை இன்னும் கடினமாக இருக்கக்கூடும்.

குறிப்பேட்டின் பெருமை

டார்வின் கலாபகோஸில் ஐந்து வாரங்கள் இருந்தார். லாக் சில திங்கள் இருந்தார். கிராண்ட் தம்பதியர் நாற்பது ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சென்றனர். அவர்களுள் அறிவால் உயர்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்று கேட்பது பொருந்தாது. பொறுமையோடு நீண்ட காலம் நோக்கியவருக்கே மாற்றம் தன்னைக் காட்டியது. வைட்டம் காட்டில் 1947-இல் தொடங்கிய கணக்கு, லாக் மறைந்து பல்லாண்டு கடந்த பின்னரும் தொடர்கிறது. முதல் பெட்டியைத் திறந்து முதல் முட்டையைக் குறித்தவர், தாம் எழுதுவது தட்பவெப்ப வரலாற்றின் ஒரு வரி என்பதை அறிந்திருக்க முடியாது. ஓர் ஆண்டு விடுபட்டாலும் அவ்வரலாற்றின் பொருள் குன்றியிருக்கும்.

இத்தகைய நீண்ட பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலுமே உள்ளன. பறவையினங்கள் மிகுந்த வெப்பமண்டல நாடுகளில் அவை குறைவு. வாலஸ் நடந்த காடுகளில் வாழும் பறவைகள் இந்த நூற்றாண்டின் வெப்பத்தை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் அறிய விரும்பினால், இன்று ஒருவர் எழுதத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. எந்த மரத்தில், எந்த நாளில், எந்தப் பறவை கூடு கட்டியது என்று ஆண்டு தவறாமல் எழுதி வைக்கும் பழக்கம் போதும். லாக்கின் பணியும் ஒரு பள்ளி ஆசிரியரின் விடுப்பில் தொடங்கியதுதான்.